ஊதா மணி பழுப்பானால் உள்ளே என்ன மிச்சம்?

கேள்வி – 2023 நவம்பர் 4, சனி, மாலை

சர்வர் ரூம் காற்று வடிகட்டியில் போடும் ஊதா மணிகள் எல்லாம் பழுப்பாகிவிட்டன. எல்லாம் காலி, மொத்தமாக மாற்றுங்கள் என்கிறார் சப்ளையர். தோல் கறுத்ததும் வாழைப்பழத்தைத் தூக்கிப்போடுகிற கதையாக இருக்கிறது. உள்ளே நிஜமாகவே ஒன்றும் மிச்சமில்லையா? யாராவது மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

நவம்பர் 4, இரவு 10:40

பார்த்திருக்கிறேன், ஆனால் உருப்படியாகப் பார்க்கவில்லை. எனக்கும் இதே தலைவலிதான். பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில், பெல்லந்தூர் பக்கம் ஒரு கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. பின்னாலேயே ராஜகாலுவே ஓடுகிறது. பெயரில்தான் ராஜா, ஓடுவது சாக்கடை. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஏசி காயில் ஓட்டையாகும், சர்க்யூட் போர்டில் கறுப்புப் பூச்சு படரும். அதைத் தடுக்கத்தான் இந்த மணிகள்.

மணி என்பது அலுமினா உருண்டை. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. அந்தத் துளைகளுக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஊறவைத்திருப்பார்கள். எடையில் 4 முதல் 8 சதவீதம் வரை. பெர்மாங்கனேட் கெட்ட வாயுவை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது அதுவே மாங்கனீஸ் டை ஆக்சைடாக மாறுகிறது. ஊதா போய்ப் பழுப்பு வருவது அதனால்தான்.

என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன்: சப்ளையர் நம்மை ஏமாற்றுகிறார். வெளித்தோல் பழுப்பானதை மட்டும் காட்டிப் புது மூட்டை விற்கிறார். எங்கள் சப்ளையரும் அதே பாட்டுத்தான் பாடினார். போன மாதம் ஒரு மணியை நகவெட்டியில் நசுக்கிப் பார்த்தேன், பழுப்புத் தூளுக்கு நடுவில் ஊதாத் துணுக்குகள் கிடந்தன. நாளைக்கு ஒழுங்காக வெட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு, மதியம்

நகவெட்டி, பிளேடு, கட்டிங் பிளையர் எதுவும் சரிப்படவில்லை. ஒன்று மணி தூளாகிறது, இல்லையென்றால் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. கடைசியில் பாட்டியின் பாக்குவெட்டி கைகொடுத்தது. நாலு மில்லிமீட்டர் மணியை அதன் வாயில் வைத்து மெதுவாக அழுத்தினால் கொட்டைப்பாக்கு மாதிரி இரண்டாகப் பிளக்கிறது. பத்துக்கு ஆறு சுத்தமான பாதிகள். (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சில்லு கண்ணுக்குத்தான் முதலில் பாயும்.)

என்னிடம் இருப்பது மொபைல் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் மைக்ரோஸ்கோப். எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கியது, 7 மடங்கு முதல் 45 மடங்கு வரை. இதற்கு அதுவே அதிகம்.

வெட்டிய முகத்தில் தெரிந்தது: வெளியே காப்பித்தூள் நிறத்தில் ஒரு வளையம். உள்ளே ஊதா வட்டம். நடுவில் உள்ள எல்லை கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போகவில்லை, இங்கே பழுப்பு, அடுத்த மயிரிழையில் ஊதா. 45 மடங்கில் அந்த எல்லை மட்டும் பல் பல்லாக இருக்கிறது. அலுமினாவில் விரிசல் ஓடிய இடங்களில் பழுப்பு உள்ளே நாக்கு நீட்டியிருக்கிறது. ஒரு மணியில் விரிசல் நடுவரை போயிருந்தது, பழுப்பும் கூடவே போயிருந்தது.

பாதிக்கு மேல் ஊதாதான். சொன்னேனா இல்லையா?

நவம்பர் 5, மாலை

ஏன் அப்படிக் கோடு கிழித்த மாதிரி என்று கேட்டிருக்கிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பெர்மாங்கனேட்டைக் கண்டதும் அடித்துக்கொள்ளும் ஜாதி. துளைக்குள் நுழைந்த வாயு முதலில் கண்ணில் பட்ட ஊதாவிலேயே தீர்ந்துவிடுகிறது, அதைத் தாண்டி உள்ளே போகாது. முன்வரிசை முழுக்கப் பழுப்பான பிறகுதான் அடுத்த வரிசை. அதனால் எல்லை ஒரே முகமாக உள்நோக்கி நகர்கிறது. சுருங்கும் கரு என்று இதற்குப் பாடப்புத்தகப் பெயரே உண்டு. வாயு மந்தமாக வினைபுரிகிற ஆளாக இருந்தால், ஆழம் வரை ஊடுருவி மணி முழுக்க ஒரே சீராக மங்கும்.

மதியம் போட்ட படத்தில் ஊதா ஏன் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்கிறது என்றும் ஒருவர் கேட்டார். அது என் விளக்கின் கண்கூச்சம். ஆனால் முழுக்க அதுவும் இல்லை, பெர்மாங்கனேட் படிகத்துக்கே அப்படி ஒரு உலோக மினுமினுப்பு உண்டு. உடைந்த எல்சிடி திரையிலிருந்து உரித்த போலராய்டு தாளில் ஒன்றை விளக்குக்கு முன், இன்னொன்றைக் குறுக்காக லென்ஸுக்கு முன் வைத்தேன். கூச்சம் அடங்கி, நிஜ நிறம் வந்தது. இனிமேல் எல்லாப் படமும் அப்படித்தான்.

நவம்பர் 7

ஒரு அன்பர், “கிளிசரினில் மவுண்ட் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமே” என்கிறார்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கல்லூரி நாளில் இதைச் செய்த புண்ணியவான் நான். தாவரவியல் லேபில் எதை எடுத்தாலும் கிளிசரின் ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடி வில்லையை மூடுவோம், அந்தக் கைப்பழக்கம். பெர்மாங்கனேட்டுக்கும் கிளிசரினுக்கும் ஜென்மப் பகை. குவியலாக வைத்துக் கிளிசரின் ஊற்றினால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தீப்பிடிக்கும். எனக்கு அன்று இருந்தது நாலைந்து துணுக்கு மட்டும் என்பதால் தீ வரவில்லை. குமிழ் குமிழாகக் கிளம்பி, வில்லை எழும்பி, சிலைடு சுட்டது. லென்ஸில் பட்ட பழுப்புத் தெறிப்புக்கு லேப் அசிஸ்டன்ட் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கிளிசரின் மட்டும் இல்லை. மூடி ஒட்ட நகப்பாலிஷ், கனடா பால்சம் என்கிற பிசின், எண்ணெய் லென்ஸுக்கான எண்ணெய் என்று கரிமப் பொருள் எதுவாக இருந்தாலும் இது தின்னப் பார்க்கும், சிலதை வேகமாக, சிலதை மெதுவாக. தண்ணீர் விட்டால் தின்னாது, ஆனால் ஊதா கரைந்து மேகம் மாதிரி வெளியேறிவிடும், பார்க்க வந்ததே போய்விடும். உலர்வாக, திறந்தபடி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அவ்வளவுதான்.

நவம்பர் 8

தண்ணீர் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. அலுமினா வெள்ளைக் களிமண் மாதிரி, வெட்டாமல் உள்ளே தெரியாது. சிலிக்கா ஜெல் கண்ணாடி மாதிரி இருக்குமே, அதில் ஏற்றினால் வெட்டாமலே பார்க்கலாமே என்று நேற்று இரவு தோன்றியது. ஷூ பெட்டிகளில் வரும் பாக்கெட்டிலிருந்து நிறமில்லாத மணிகளை எடுத்து, அடுப்பில் சூடாக்கி உலர்த்தி, பெர்மாங்கனேட் கரைசலில் போட்டேன்.

டப். டப் டப். பொரி பொரிகிற மாதிரி ஒவ்வொன்றாக வெடித்துப் பிளந்தன. சுக்காகக் காய்ந்த சிலிக்கா ஜெல் தண்ணீரை அவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது, உள்ளே அகப்பட்ட காற்றும் சூடும் சேர்ந்து மணியைப் பிளக்கிறது. சமையல் மேடையில் ஊதாப் புள்ளிகள். வீட்டில் கிடைத்த பாராட்டை இங்கே எழுத முடியாது.

இன்று மணிகளை முதலில் ஈரக்காற்றில் ஒரு இரவு வைத்துவிட்டுப் பிறகு நனைத்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை. ஒயின் நிறக் கண்ணாடிக் குண்டுகள், கீழிருந்து வெளிச்சம் விட்டால் மாணிக்கம் தோற்றுவிடும். இதற்காகவாவது ஒருமுறை செய்து பாருங்கள்.

கையில் பட்ட பழுப்புக் கறைக்கு: சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், போகாது. வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் நொடியில் போகும். எலுமிச்சையும் போக்கும், ஆனால் மெதுவாக.

நவம்பர் 9

வைட்டமின் சி-யை மைக்ரோஸ்கோப்புக்கு அடியிலும் விட்டுப் பார்த்தேன். வெட்டிய பாதியின் பழுப்பு வளையத்தில் ஒரு சொட்டு. பழுப்பு கண்ணெதிரே கரைந்து, அலுமினாவின் வெள்ளை எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. மாங்கனீஸ் நிறமே இல்லாத உப்பாக மாறிவிடுகிறது.

முதல் முயற்சியில் வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சு நிறம் வந்தது. புதுக் கண்டுபிடிப்பு என்று அரை மணி நேரம் துள்ளினேன். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரையில் போட்டிருக்கும் சாயம்.

நவம்பர் 11, சனி

“ஊதா தெரிவதெல்லாம் சரி, எத்தனை சதவீதம் மிச்சம் என்று எண்ணில் சொல்லுங்கள் சார்” என்று கேட்டவருக்கு.

மல்லேஸ்வரத்தில் ஒரு பி.யூ. காலேஜில் வேதியியல் நடத்தும் நண்பன் இருக்கிறான். அவன் லேபில் இன்று காலை செய்தோம். பிளஸ் டூவில் எல்லோரும் செய்த அதே தரம்பார்த்தல்தான்: பியூரெட்டில் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலம், கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம், 60, 70 டிகிரி சூடு. கரைசல் இருட்டாக இருப்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும் என்பதை மறந்து, நண்பனிடம் குட்டு வாங்கினேன்.

பழுப்பு மணிகளைப் பொடித்து, அளந்த ஆக்சாலிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கி, தீராமல் மிஞ்சிய அமிலத்தைத் தரம்பார்த்தோம். பயன்படுத்தாத புது மணியை 100 என்று வைத்தால், பழுப்பு மணியில் மிச்சம் 55.

ஐம்பத்தைந்து! பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிற சரக்கைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை சப்ளையருக்கு ஒரு மெயில் தட்டப்போகிறேன்.

நவம்பர் 12, தீபாவளி

பால்கனியில் கிண்ணத்தில் வைத்திருந்த ஒப்பீட்டு மணிகள் இன்று இரவு பட்டாசுப் புகையில் மாட்டிக்கொண்டன. கந்தகப் புகைக்குப் பெர்மாங்கனேட் நல்ல தீனி. பூஜை அலமாரி ஓரம் வைத்திருந்தவையும் சாம்பிராணிக்குப் பலி. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வைத்திருக்க வேண்டும். புத்தி லேட்டாகத்தான் வருகிறது.

நவம்பர் 13, காலை 6:15

மெயில் தட்டவில்லை. நல்லவேளை.

நேற்று பின்னிரவில் பீன்யாக்கார அண்ணன் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: “தம்பி, பொடியை வடிகட்டினீங்களா?”

படித்ததும் தூக்கம் போய்விட்டது. வடிகட்டவில்லை. பொடி முழுவதையும் அமிலத்தில் போட்டேன். அதில் மிச்சமுள்ள பெர்மாங்கனேட் மட்டுமா இருந்தது, செலவாகிப்போன பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடும்தானே இருந்தது. அதுவும் ஆக்சாலிக் அமிலத்தைத் தின்னும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸ் +7, அது +2 வரை இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும். டை ஆக்சைடில் +4, அதற்கு இரண்டு. ஐந்துக்கு இரண்டு. அதாவது முழுக்கச் செத்துப்போன மணியைக் கொடுத்தாலும் என் தரம்பார்த்தல் 40 சதவீதம் மிச்சம் என்றுதான் சொல்லும்!

நான் கொண்டாடிய 55இல் முப்பது பொய். கணக்கைத் திருப்பிப் போட்டால், நிஜ மிச்சம் 25.

வைட்டமின் சி-யில் பழுப்பு கரைவதை வியாழக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். அதே விஷயம்தான் குடுவைக்குள்ளும் நடக்கும் என்று சனிக்கிழமை தோன்றவில்லை.

நவம்பர் 14

மறுபடி செய்தோம். இந்த முறை பொடியைத் தண்ணீரில் பலமுறை கழுவி ஊதாவை மட்டும் இறக்கி, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டி (தாள் வைத்தால் தாளையே ஆக்சிஜனேற்றம் செய்து பழுப்பாக்கிவிடும்), அந்த நீரைத் தரம்பார்த்தோம். வந்தது 22. ஒரு சோதனைக்காக, வெட்டினால் துளி ஊதாவும் இல்லாத மணிகளைப் பொறுக்கி, சனிக்கிழமை செய்த தப்பான முறையிலேயே செய்தோம். 41 வந்தது. தப்பு எங்கே என்பது உறுதியாகிவிட்டது.

நவம்பர் 14, இரவு

அப்படியானால் “பாதிக்கு மேல் ஊதா” என்று மைக்ரோஸ்கோப் சொன்னது? மைக்ரோஸ்கோப் சரியாகத்தான் காட்டியது. என் கண் தப்பாகக் கணக்குப் போட்டது.

மணியின் விட்டம் 4 மில்லிமீட்டர். ஊதா வட்டத்தின் விட்டம் 2.5. பார்க்கிறவன் மனசு இரண்டரையை நாலால் வகுத்து அறுபது சதவீதம் என்கிறது. ஆனால் மணி தட்டு இல்லை, உருண்டை. கன அளவுதான் கணக்கு: 0.625ஐ மும்முறை பெருக்கினால் 0.244. இருபத்து நாலு சதவீதம். ஆக, வெறும் முக்கால் மில்லிமீட்டர் பழுப்புத் தோலுக்குள் முக்கால்வாசிச் சரக்கு செலவாகியிருக்கிறது. தேங்காயைத் துருவினவர்களுக்குத் தெரியும், ஓட்டை ஒட்டிய பருப்பில்தான் கனம் எல்லாம்.

சப்ளையரை ஏமாற்றுக்காரர் என்று முதல் நாள் எழுதினேன். இழையில் அது அப்படியே கிடக்கட்டும், அழிக்கவில்லை. ஆனால் வாபஸ்.

இன்னொன்று: மிச்சமிருக்கும் கால் பங்கும் புது மணியின் கால் பங்கு மாதிரி வேலை செய்யாது. வாயு முக்கால் மில்லிமீட்டர் பழுப்பு அலுமினாவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வடிகட்டிக்குள் காற்று விசிறி வேகத்தில் ஓடுகிறது, வாயுவுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

நவம்பர் 18

24க்கும் 22க்கும் நடுவில் உள்ள இரண்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. கழுவியதில் கொஞ்சம் ஊதா துளைக்குள்ளேயே தங்கியிருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது, சொந்தமாக மணி செய்து பார்த்ததில் பிடிபட்டது.

வெறும் அலுமினா மணிகளை வாங்கி, மீன் தொட்டிக் கடைப் பெர்மாங்கனேட்டில் ஊறவைத்தேன். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் 6.4 கிராம்தான் கரையும், அதற்கு மேல் அடியில் கிடக்கும். ஒரு கிராம் மணி சுமார் 0.4 மில்லி குடிக்கிறது. ஆக ஒருமுறை ஊறலில் இரண்டரை சதவீதம்தான் ஏறும். கூடுதல் வேண்டுமென்றால் சுடுநீர்: 65 டிகிரியில் 25 கிராம் வரை கரையும்.

பாதி மணிகளை மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். மீதியை மூடிய டப்பாவில் மூன்று நாள். பாக்குவெட்டி வைத்தியம் பார்த்தால்: டப்பா மணிகள் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே ஊதா. விசிறி மணிகளில் தோலில் மட்டும் கரு ஊதா, ஊசி ஊசியான படிகங்கள் கூட நின்றன, நடுவில் வெளிறிய கத்தரிப்பூ நிறம். தண்ணீர் ஆவியாவது மேல்தோலில். உள்ளே இருக்கும் தண்ணீர் துளைகள் வழியாக அங்கே போகும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. மேசையில் சிந்திய காப்பித்துளி காயும்போது விளிம்பில் மட்டும் கறை திரள்வதும் இதே சங்கதிதான். கிரியாவூக்கி செய்கிறவர்கள் முட்டை ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்றே இந்த விநியோகங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடை மணியும் கொஞ்சம் முட்டை ஓட்டுச் சாதி என்றால், நடுவில் உள்ள ஊதா சராசரியைவிட நீர்த்தது. 24 கன அளவில் 22 சரக்கு இருப்பதில் ஆச்சரியமில்லை.

புது மணியை வெட்டி இதைச் சரிபார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பதற்குள்: பார்த்தேன். விளிம்பு ஒரு பிடி கூடுதல் கறுப்பு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒளி மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு கறுப்பு அதிகம், சரக்கு அதிகம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஊதா ஒரு அளவுக்கு மேல் போனால் எல்லாமே கறுப்புதான். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எக்ஸ்ரே வைத்து மாங்கனீஸ் வரைபடம் எடுத்தால்தான் முடிவு. அதற்கு என்னிடம் பாக்குவெட்டி மாதிரி மாற்று வழி கிடையாது.

நவம்பர் 19

வாழைப்பழத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், பழப்பெட்டிக்குள் போடும் சின்னப் பொட்டலத்திலும் இதே மணிதான். காய் விடும் எத்திலீன் வாயுவைத் தின்று, காய் பழுக்கும் நாளைத் தள்ளிப்போடும். முழு ஆக்சிஜனேற்றம் என்று வைத்தால் நாலு மூலக்கூறு பெர்மாங்கனேட் ஒரு எத்திலீனுக்குச் செலவு. 4 சதவீத மணி 10 கிராமில் 0.4 கிராம் பெர்மாங்கனேட், அது அதிகபட்சம் 15 மில்லி எத்திலீனைச் சமாளிக்கும். கேட்கக் கொஞ்சமாக இருக்கிறது, ஆனால் காய் பழுக்கப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீனே கூடப் போதும், அதனால் அது பெரிய அளவுதான்.

ஏலக்கி வாழை இரண்டு சீப்பு வாங்கி இரண்டு கவரில் கட்டி வைத்தேன். பொட்டலம் போட்டது எத்தனை நாள் தாங்கியது என்று சொல்ல ஆசை. மூன்றாம் நாள் பையன் இரண்டையும் பிரித்துச் சாப்பிட்டுவிட்டான். மணிகள் மட்டும் மிஞ்சின. வெட்டினேன்: அங்கே கோடு இல்லை, வளையம் இல்லை. மணி முழுக்க அழுக்கேறிய மாதிரி ஒரே சீரான மங்கல். நான் ஐந்தாம் தேதி சொன்ன மந்த வாயு இதுதான்.

நவம்பர் 22

ஆக்சிஜனேற்றும் சரக்கை இப்படித் தாங்கி (மணி, பொடி) மேல் ஏற்றுவது யார் மூளையில் உதித்தது என்று கேட்டவருக்கு, நீளமாகச் சொல்ல நேரமில்லை. ஆய்வக உபயோகத்தில் பிரபலமானது 1968இல் பிரான்ஸின் ஃபெட்டிசோன் செய்தது, செலைட் என்கிற பொடி மேல் ஏற்றிய வெள்ளி கார்பனேட். 1977இல் ரீகனும் கோட்டீலும் பெர்மாங்கனேட்டைத் திடத் தாங்கிகள் மேல் ஏற்றினார்கள். பிசிசி என்கிற குரோமியம் சரக்கு 1975இல் வந்தது, தனியாகப் போட்டால் வினை முடிந்ததும் தார் மாதிரி பாத்திரத்தில் அப்பிக்கொள்ளும். அதை அலுமினாவில் ஏற்றினால் வினை முடிந்ததும் வடிகட்டி எறியலாம், அவ்வளவுதான் அதன் மகிமை. போலீஸ்காரர் ஊதச் சொல்லும் பழைய கண்ணாடிக் குழாயும் இந்த வம்சம்தான்: 1953இல் ஜெர்மனியின் டிரேகர் கொண்டுவந்த குழாயில் சிலிக்கா ஜெல் மேல் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும். குடித்தவன் ஊதினால் மஞ்சள் பச்சையாகும்.

குரோமியத்தை மட்டும் நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. புற்றுநோய் தரும் தூசு, பாக்குவெட்டியில் வெட்டுகிற பொருள் இல்லை.

செலைட்டைப் பற்றி ஒன்று. ஜிகனியில் ஒரு கம்பெனியில் இருக்கும் நண்பர் கொஞ்சம் வெற்றுச் செலைட்டும், வினை முடிந்த கறுப்புப் பொடியும் சிலைடில் காட்டினார். அவருடையது நிஜ மைக்ரோஸ்கோப், 400 மடங்கு. செலைட் என்பது டயட்டம் என்கிற நுண்பாசிகளின் ஓடு, பல லட்சம் வருஷத்துக்கு முன் செத்தவை. வெற்றுப் பொடியில் சல்லடைத் தட்டும் பீப்பாயும் படகும் மாதிரி வடிவங்கள், ஒவ்வொன்றிலும் வரிசை பிசகாத துளைகள். கறுப்புப் பொடியில் அதே ஓடுகளின் மேல் வெள்ளித் துகள்கள் மிளகுத்தூள் தூவின மாதிரி. ஒரு வட்ட ஓட்டில் பாதிக்கு மிளகு, பாதி சுத்தம். ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் அந்த ஒரே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 25

எங்கள் அபார்ட்மெண்ட் போர்வெல் தண்ணீரின் இரும்பு வடிகட்டியும் இதே கூட்டமா என்று கேட்டீர்கள். ஆமாம். கிரீன்சாண்ட் வகை என்றால் கிளாகோனைட் என்கிற பச்சை மணலின் மேல் மாங்கனீஸ் டை ஆக்சைடு பூச்சு, அது கரைந்த இரும்பை ஆக்சிஜனேற்றி வடித்துவிடும். களைத்துப்போனால் பெர்மாங்கனேட் கரைசல் விட்டு உயிர்ப்பிப்பார்கள். நம் மணியில் பழுப்பு என்பது சாவு, அங்கே அதே பழுப்புத்தான் உயிர். வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு பிடி வாங்கி வைட்டமின் சி விட்டுப் பார்த்தேன். கறுப்புத் தோல் கழன்று சில மணலில் பச்சை தெரிந்தது, பலதில் வெறும் வெள்ளை மணல்தான். கலப்படம் என்று உடனே எழுதக் கை துறுதுறுத்தது. சப்ளையர் விஷயத்தில் கற்ற பாடம் ஞாபகம் வந்ததால் விசாரித்தேன். இப்போது சிலிக்கா மணலின் மேலேயே பூச்சு போட்டும் விற்கிறார்கள், இரண்டும் கலந்து நிரப்பியிருக்கிறார்கள்.

டிசம்பர் 2, சனி

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், கேட்டவர் இன்னும் இருக்கிறாரா தெரியவில்லை.

எங்கள் வடிகட்டியில் மணிப்பெட்டி இரண்டு வரிசை. இதுவரை நான் வெட்டியதெல்லாம் காற்று நுழையும் முதல் வரிசை. இன்று இரண்டாவதிலிருந்து மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் பத்துப் பத்து மணி எடுத்து வெட்டினேன். வெளியே பார்த்தால் அதுவும் பழுப்புதான், முதல் வரிசைக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசமே தெரியாது. உள்ளே வளையம் மயிரிழை அளவு, 4 மில்லிமீட்டரில் ஊதா 3.9. மும்முறை பெருக்கினால் 93 சதவீதம். கழுவித் தரம்பார்த்தால் 90.

சப்ளையர் சொன்னது பாதி சரி. முதல் வரிசை போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதையும் சேர்த்து மாற்றச் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புதுசைப் பின்னால் போட்டாயிற்று. சர்வர் ரூமில் செம்புத் துண்டும் வெள்ளித் துண்டும் தொங்கவிட்டிருக்கிறோம். மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குள் அரிப்பு இருந்தால் ஜி1 என்கிற லேசான வகை, போர்டுகளுக்குப் பாதகமில்லை. ஜனவரியில் அந்த அளவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

உங்கள் வடிகட்டியிலும் வரிசைக்குப் பத்து மணி வெட்டிப் பாருங்கள். ஒரு மணியை வெட்டி முடிவு கட்டாதீர்கள், விரிசல் விழுந்த மணி கையில் மாட்டினால் எல்லாம் செத்த மாதிரி தெரியும்.

டிசம்பர் 2, இரவு

மறந்துவிட்டேன். ஆதாரத்துக்காக வெட்டிய பாதிகளைத் தீப்பெட்டியில் வைத்துச் சேமிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முன் வைத்ததை இப்போது திறந்தேன், அட்டை பட்ட பக்கமெல்லாம் பழுப்பு, அட்டையிலும் மணி மணியாக வட்டக் கறை. கண்ணாடிக் குப்பியும் கண்ணாடி மூடியும்தான் சரி. பாக்குவெட்டியையும் கழுவித் துடைத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா வெற்றிலைக்குத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுல என்னடா மருதாணியா அரைச்ச?” என்கிறார்.